பிரெட்னிசலோன் போடும் நேரம்: கொழும்பில் புதிதாக ஸ்டீரொய்ட் தொடங்குகிறவர்களுக்கு

மூன்று வாரம் நான் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையைப் பிழையான நேரத்தில் போட்டேன். அளவு சரி, நேரம்தான் பிழை. காலையில் மூன்று குளிசையை ஒன்றாகப் போடச் சொல்லியிருந்தார்கள். மருந்து உறையில் கிறுக்கியிருந்த ‘3’ஐ நான் மூன்று வேளை என்று விளங்கிக்கொண்டு, காலை ஒன்று, மத்தியானம் ஒன்று, இரவு ஒன்று என்று பிரித்துப் போட்டேன். மூட்டு வலி குறைந்தது. ஆனால் இரவு இரண்டு மணி, மூன்று மணி வரை நித்திரை இல்லை. நெஞ்சு படபடக்கும், அம்மாவோடு சும்மா சும்மா எரிந்து விழுவேன். நித்திரை வரவில்லை என்று டொக்டர் ஒருவரிடம் காட்டியபோது நித்திரைக் குளிசை ஒன்று எழுதித் தந்தார். ஸ்டீரொய்ட்டை எத்தனை மணிக்குப் போடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அடுத்த கிளினிக்கில் வயதான தாதி ஒருவர் டொக்டர் மருந்தை எழுதும் கிளினிக் கொப்பியையும் உறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, இது மூன்றும் காலையில் போடுறது” என்றார். நேரத்தை மாற்றி நான்கு நாளில் நித்திரை திரும்பியது.

எனக்கு இருப்பது மூட்டுவாதம், கொப்பியில் ரூமட்டொயிட் ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதியிருக்கும். லூபஸ், குடல் அழற்சி என்று வேறு அழற்சி நோய்களுக்கு ஸ்டீரொய்ட் எடுப்பவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும், அதில் நான் தலையிடவில்லை. அவர் சொன்ன அளவைச் சரியான நேரத்தில், விடுபடாமல் போடுவதற்கு என்னென்ன ஒழுங்கு செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. முதல் நாளே சேர்க்க வேண்டிய கடதாசிகள்

கொழும்பு தேசிய வைத்தியசாலை, களுபோவில போதனா வைத்தியசாலை போன்ற அரச ஆஸ்பத்திரிகளில் கிளினிக்கும் மருந்தும் இலவசம். சிறப்பு வைத்தியர் கிளினிக்கில் பதிவதற்கு வெளிநோயாளர் பிரிவில் காட்டி அங்கிருந்து அனுப்பிவைக்கப்பட வேண்டும், அல்லது வேறு டொக்டர் தந்த கடிதத்தோடு போக வேண்டும். தனியாரில் சனல் பண்ணி (காசு கட்டிப் பதிந்து) பார்த்த சிறப்பு வைத்தியரிடமே, “அரச கிளினிக்கில் தொடர விரும்புகிறேன், ஒரு கடிதம் தர முடியுமா” என்று கேட்கலாம். கூச்சப்படத் தேவையில்லை, இது எல்லோரும் கேட்பதுதான்.

கொண்டு போக வேண்டியவை: அடையாள அட்டை, கடிதம், இதுவரை செய்த இரத்த, சிறுநீர் அறிக்கைகள், எக்ஸ்ரே, இப்போது போடும் எல்லா மருந்துகளின் உறைகள். சீனி வருத்தம், பிரஷர், வயிற்றுப் புண், கண் அழுத்தம், முன்பு வந்த காசநோய், இவற்றில் ஏதாவது இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். ஸ்டீரொய்ட் இவை எல்லாவற்றையும் கிளறிவிடக் கூடியது. சின்ன வயதில் அம்மை (சிக்கன் பொக்ஸ்) வந்ததா இல்லையா என்பதையும் வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கொப்பி கிடைத்ததும் அதற்குப் பிளாஸ்ரிக் உறை போடுங்கள். ஒவ்வொரு கிளினிக் முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். மழையில் நனைந்து மை கரைந்த கொப்பியோடு டொக்டர் முன்னால் உட்கார்ந்தவள் நான். அளவை ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டி வந்தது.

2. உறையை மருந்துக் கவுண்டரிலேயே வாசியுங்கள்

மருந்து சிறிய கடதாசி உறையில் வரும். மேலே அவசரக் கையெழுத்தில் ஏதோ இருக்கும். சில சொற்கள் தெரிந்திருந்தால் போதும். ‘மேனே’ என்றால் காலை, ‘நொக்டே’ என்றால் இரவு, ‘பி.டி.’ என்றால் இரண்டு வேளை, ‘டி.டி.எஸ்.’ என்றால் மூன்று வேளை, ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றால் தேவைப்பட்டால் மட்டும். உறையில் இருப்பதைக் கொப்பியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றாலும் பரவாயில்லை, “காலையில் எத்தனை, ஒன்றாகவா பிரித்தா?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு நகருங்கள்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, மில்லிகிராமுக்கும் குளிசை எண்ணிக்கைக்கும் இடையிலான குழப்பம். பிரெட்னிசலோன் பொதுவாக 5 மில்லிகிராம் குளிசையாகக் கிடைக்கும். 15 மி.கி. என்றால் மூன்று, 40 மி.கி. என்றால் எட்டு. எட்டுக் குளிசையைக் கண்டு பயந்து பாதியைக் குறைத்தவர்களைக் கிளினிக் வாங்கில் சந்தித்திருக்கிறேன். எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாமல், மொத்த மி.கி. கொப்பியில் உள்ளதோடு சரியா என்று பாருங்கள். அடுத்த மாதம் வேறு வலிமையில் குளிசை வந்தால் கணக்கை மறுபடி போடுங்கள்.

இரண்டாவது, வேறு ஸ்டீரொய்ட். 5 மி.கி. பிரெட்னிசலோனுக்குச் சமம் 4 மி.கி. மெதில்பிரெட்னிசலோன், அல்லது வெறும் 0.75 மி.கி. டெக்ஸாமெதசோன். பெயர் மாறினால் எண்ணிக்கையும் மாறும். கடையில் “இதுவும் அதே மாதிரித்தான்” என்று மாற்றித் தந்தால் வாங்க வேண்டாம், டொக்டரைக் கேட்ட பிறகு வாங்குங்கள்.

மூன்றாவதுதான் உயிரோடு விளையாடும் பொறி. மூட்டுவாதக்காரருக்குப் பெரும்பாலும் மெதொட்ரெக்சேட்டும் தருவார்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். பிரெட்னிசலோனோடு பழகிய கை அதையும் தினமும் எடுத்துப் போட்டுவிட்டால் இரத்த அணுக்கள் விழுந்துபோகும், ஆள் இறக்கவும் கூடும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் மெதொட்ரெக்சேட் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே வரும். அதோடு சேர்த்துத் தரும் ஃபோலிக் அமிலம் எந்தக் கிழமை என்பதையும் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

3. காலை எட்டு மணிக்குள், சாப்பாட்டோடு

ஏன் காலை? நம் உடம்பே கோர்ட்டிசோல் என்ற ஸ்டீரொய்ட்டைச் சுரக்கிறது. விடியப்புறம் கூடி, காலை எட்டு மணியளவில் உச்சத்தில் இருக்கும், நடு இரவில் மிகக் குறைவு. குளிசையைக் காலையில் போட்டால் உடம்பின் தாளத்தோடு சேர்ந்து போகும். இரவில் போட்டால் உடம்பு ஓய்வெடுக்கும் நேரத்தில் மருந்து அதைத் தட்டி எழுப்பும், அடுத்த நாளுக்கான சொந்தச் சுரப்பையும் கூடுதலாக அமுக்கிவிடும். நித்திரையின்மையும் அங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே ஒரு நேரத்தைத் தீர்மானியுங்கள். ஏழு, ஏழரை, எட்டு, உங்கள் வீட்டுக்கு எது தோதோ அது. வேலைக்கு ஓடுகிறவர்கள் பஸ் பிடிக்கும் நேரத்தை வைத்துத் தீர்மானிக்காமல், காலைச் சாப்பாடு உள்ளே போகும் நேரத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். வெறும் தேத்தண்ணியோடு போடுவது போதாது. இரண்டு துண்டுப் பாண், நாலு இடியப்பம், ஒரு வாழைப்பழமும் பாலும், ஏதாவது திடமாக வயிற்றில் இருக்கட்டும். நான் தினமும் 7.30க்குக் கைத்தொலைபேசி அலாரம் வைத்து, சாப்பிட்ட கோப்பையைக் கழுவுவதற்கு முன் குளிசையைப் போடுகிறேன். போட்டதும் நாட்காட்டியில் ஒரு புள்ளி. ‘போட்டேனா, இல்லையா’ என்ற சந்தேகம் புள்ளி வைக்கத் தொடங்கிய பிறகு எனக்கு வரவே இல்லை.

“ஆனால் எனக்குக் காலையில்தானே மூட்டு விறைக்கிறது, முதல் நாள் இரவே போட்டால் நல்லதல்லவா?” இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். அழற்சியைத் தூண்டும் பொருட்கள் பின்னிரவில் இரத்தத்தில் கூடுவது உண்மைதான், விடியலில் விரல் மடங்காததற்கு அது ஒரு காரணம். அதற்காகவே இரவு பத்து மணியளவில் போட்டால் சுமார் நான்கு மணித்தியாலம் கழித்துக் கரையும்படி செய்த பிரெட்னிசோன் குளிசை வெளிநாட்டில் வந்திருக்கிறது. நம் கையில் இருக்கும் சாதாரணக் குளிசை அப்படி வேலை செய்யாது, போட்டவுடனே கரையத் தொடங்கும். சில நோய்களில் டொக்டர்மார் வேண்டுமென்றே அளவை இரண்டாகப் பிரித்தும் தருவார்கள், ஒன்றுவிட்ட ஒரு நாள் போடச் சொல்வதும் உண்டு. அது அவர்கள் எழுதித் தந்தால் மட்டும்.

இன்னொன்று, மேலே பூச்சுப் போட்டு குடலில் கரையும்படி செய்த வகைக் குளிசையை உடைக்கக் கூடாது, நசிக்கவும் கூடாது. சாதாரணக் குளிசையைப் பாதியாக்கலாம்.

4. மற்ற மருந்துகளுக்கு நேரம் ஒதுக்குவது

ஒரு மருந்தோடு யாரும் நிற்பதில்லை. எலும்பு தேயாமல் இருக்கக் கல்சியமும் விட்டமின் டி யும், வயிற்றுக்கு ஒமெப்ரசோல், சிலருக்கு இரும்புச் சத்து, தைரொக்சின், பிரஷர் குளிசை. எல்லாவற்றையும் ஒரே பிடியாகக் காலையில் விழுங்குவது வசதிதான், ஆனால் சில மருந்துகள் ஒன்றையொன்று உறிஞ்ச விடாது.

ஒமெப்ரசோல் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. தைரொக்சின் போடுபவர்கள் அதையும் வெறும் வயிற்றில். பிறகு சாப்பாடு, பிறகு பிரெட்னிசலோன். கல்சியம் கார்பனேட் சாப்பாட்டோடு நன்றாகச் சேரும், ஆகவே மத்தியானம் அல்லது இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள். தைரொக்சினுக்கும் கல்சியத்துக்கும் இடையில் நான்கு மணித்தியாலம் வேண்டும், இரும்புச் சத்தும் கல்சியமும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

எலும்புக்காக வாரம் ஒருமுறை 70 மி.கி. அலென்ட்ரொனேட் தந்திருந்தால், அந்த ஒரு காலைக்குத் தனி ஒழுங்கு. எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு கோப்பை வெறும் தண்ணீரோடு. அதன் பிறகு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, தேத்தண்ணி கூடக் கூடாது. அதற்குப் பிறகுதான் சாப்பாடும் பிரெட்னிசலோனும். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்தால் அவசரம் இருக்காது.

மூட்டு வலிக்கிறது என்று டிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் குளிசைகளைச் சொந்தமாக வாங்கிச் சேர்க்காதீர்கள். ஸ்டீரொய்ட்டோடு அவை சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் பிரெட்னிசலோனின் வேலையைக் குறைக்கும், கிளரித்ரோமைசின், பூஞ்சைக்குத் தரும் கீட்டோகொனசோல் போன்றவை கூட்டும். ஆகவே எந்த டொக்டரிடம் எதற்குப் போனாலும் கொப்பியைக் காட்டிய பிறகே மருந்து வாங்குங்கள்.

நாட்டு மருந்து பற்றியும் சொல்ல வேண்டும், நம்மவர்கள் எல்லோர் வீட்டிலும் இருப்பதுதானே. அதிமதுரத்தை அளவுக்கு மிஞ்சி, நாள் கணக்காகக் குடித்தால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி பிரஷர் ஏறும், பொட்டாசியம் குறையும். ஸ்டீரொய்ட்டும் அதே வேலையைச் செய்யக் கூடியது, இரண்டும் சேர வேண்டாம். பெயர் இல்லாத பொட்டலத்தில் வரும் ‘மூட்டு மருந்து’த் தூள் ஒரே வாரத்தில் அதிசயமாக வேலை செய்தால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட தூள்களில் ஸ்டீரொய்ட்டே கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

5. கிளினிக் நாளும் இரத்தம் எடுக்கும் நாளும்

இந்த நாட்களில்தான் காலைக் குளிசை அதிகம் தவறும். வெறும் வயிற்றோடு இரத்தம் எடுக்க வரச் சொல்வார்கள். விடிய ஐந்தரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டு, நம்பர் எடுத்து, வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து முடிக்க ஒன்பது ஆகிவிடும். பிறகு டொக்டரைப் பார்க்க, மருந்து எடுக்க. வீடு திரும்பும்போது மத்தியானம். காலைக் குளிசை மேசையில் அப்படியே இருக்கும்.

தீர்வு சின்னதுதான். முதல் நாள் இரவே ஒரு சிறு டப்பாவில் அன்றைய குளிசைகளும், பையில் ஒரு பணிஸும் தண்ணீர்ப் போத்தலும். இரத்தம் எடுத்த கையோடு, பஞ்சை அமத்திப் பிடித்தபடியே, அங்கேயே சாப்பிட்டுப் போட்டுவிடுங்கள். வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் தவிர, இரத்தப் பரிசோதனைக்காக ஸ்டீரொய்ட்டை அன்று முழுக்க விடத் தேவையில்லை.

சீனி பார்ப்பதிலும் நேரம் முக்கியம். காலையில் போட்ட பிரெட்னிசலோன் மத்தியானத்துக்குப் பிறகும் மாலையிலும்தான் சீனியை ஏற்றும். விடிய வெறும் வயிற்றில் எடுத்தால் நல்ல எண்ணிக்கை வந்து ஏமாற்றிவிடும். என் பக்கத்து வீட்டு அன்ரிக்கு அப்படித்தான் நடந்தது, இரண்டு மாதமாகக் காலைச் சீனி ஒழுங்கு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ1சி பரிசோதனை எடுத்தபோதுதான் சீனி கூடியிருப்பது தெரிய வந்தது. வீட்டில் மெஷின் இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள்.

பிரஷரும் நிறையும் ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் போடுபவர்களுக்கு வருடம் ஒருமுறை கண் பரிசோதனை வேண்டும். அரச கண் ஆஸ்பத்திரி தேசிய வைத்தியசாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கிளினிக்கில் கடிதம் கேட்டு வாங்கலாம்.

6. குளிசை தீர்ந்துபோக விடாதீர்கள்

என் இரண்டாவது அடி இதில்தான். வெசாக்கோடு சேர்ந்து மூன்று நாள் லீவு வந்தது, என் கிளினிக் திகதி தள்ளிப் போனது, குளிசை சரியாகக் கிளினிக் நாள் வரைக்கும்தான் இருந்தது. எங்கள் ஒழுங்கைப் பாமசி பூட்டு. இரண்டு நாள்தானே என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் பின்னேரமே தலை சுற்றல், குமட்டல், கட்டிலை விட்டு எழும்பினால் கண் இருட்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் பிரஷர் கீழே என்றார்கள், சேலைன் ஏற்றி ஊசி போட்ட பிறகுதான் தெளிந்தது.

தினமும் 5 மி.கி. அல்லது அதற்கு மேல், நான்கு வாரமோ அதற்கும் கூடுதலாகவோ போட்டால், சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டு தூங்கிவிடக் கூடும். திடீரென்று குளிசை நின்றால் அதால் உடனே எழும்ப முடியாது. இதைப் புரிந்துகொண்டால் கையிருப்பை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

நான் இப்போது செய்வது இது. எப்போதும் இரண்டு வாரத்துக்கான குளிசை தனியாக இருக்கும். 15 மி.கி. போட்ட காலத்தில் அது 42 குளிசை. ஒரு 5 மி.கி. குளிசை சில ரூபாய்தான், ஸ்டீரொய்ட்டில் செலவு மிகக் குறைந்த பகுதி இதுவே. கிளினிக்கில் மாதத்துக்கான மருந்து கிடைத்ததும் புதியதைப் பின்னால் வைத்து, சேமிப்பில் இருந்த பழையதை முதலில் எடுப்பேன், காலாவதித் திகதி தாண்டாது. போயா நாட்களையும் அரச விடுமுறைகளையும் வருடத் தொடக்கத்திலேயே கிளினிக் திகதிகளோடு ஒப்பிட்டுக் குறித்துவிடுகிறேன். வேலைநிறுத்தம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதற்கும் சேர்த்துத்தான் அந்த இரண்டு வாரம்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இல்லை என்றால் வெளியே வாங்கத் துண்டு தருவார்கள். துண்டில் மருந்துப் பெயர், மி.கி., எண்ணிக்கை, டொக்டரின் முத்திரை நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். முத்திரை இல்லாமல் திரும்பி வந்து மறுபடி வரிசையில் நிற்பதுபோல் ஒரு வேதனை இல்லை. வாங்க முதல் இடமாக அரச மருந்துக் கடைகளான ஒசுசலவை நினையுங்கள். 1 மி.கி. குளிசை எல்லாக் கடையிலும் இருக்காது, குறைக்கும் காலம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள்.

மற்றச் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். சனல் பண்ணினால் டொக்டர் கட்டணம், ஆஸ்பத்திரிக் கட்டணம் என்று இரண்டு பகுதி, பதியும்போது மொத்தத்தைக் கேளுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் தனியாரில் ஆயிரக்கணக்கில் போகும், கிளினிக்கில் கேட்டு அரச பக்கத்தில் திகதி எடுக்க முடியுமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கல்சியத்துக்கு விலை கூடிய வெளிநாட்டுப் போத்தல் தேவையில்லை. நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. வரை உணவும் குளிசையும் சேர்ந்து வந்தால் போதும், நெத்தலி, பால், குரக்கன் எல்லாம் கணக்கில் சேரும்.

7. மறந்துவிட்டால்

அன்றே ஞாபகம் வந்தால் உடனே, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். அடுத்த நாள்தான் ஞாபகம் வந்தது என்றால் வழக்கமான அளவை மட்டும் போடுங்கள், இரண்டு நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாக வேண்டாம். பின்னேரம் போட்டால் அன்றிரவு நித்திரை கொஞ்சம் குழம்பும், அவ்வளவுதான்.

8. காய்ச்சல், வாந்தி, சத்திரசிகிச்சை: முன்பே எழுதி வாங்குங்கள்

சாதாரண ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் அவருடைய அட்ரீனல் தானாகவே கூடுதலாகச் சுரக்கும். நமக்கு அது நடக்காது, ஆகவே அளவைக் கூட்ட வேண்டி வரலாம். எவ்வளவு, எத்தனை நாள், ஒன்றாகவா பிரித்தா என்பது நீங்கள் இப்போது போடும் அளவைப் பொறுத்தது. அடுத்த கிளினிக்கில் இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: “எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் எத்தனை மி.கி. போட வேண்டும்? கொப்பியில் எழுதித் தர முடியுமா?” எனக்கு ஒரு வரியில் எழுதித் தந்தார்கள். அந்த வரியைப் படம் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம்.

குளிசை போட்டு அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுபடி ஒருமுறை போடுங்கள். அதையும் வாந்தி எடுத்தால், அல்லது வயிற்றோட்டம் நிற்காமல் போனால், வீட்டில் காத்திருக்க வேண்டாம். ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொய்ட் ஊசி தேவைப்படும், பெரியவர்களுக்கு முதலில் 100 மி.கி. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வந்ததும் முதல் வார்த்தையாக “ஸ்டீரொய்ட் எடுக்கிற நோயாளி” என்று சொல்லுங்கள்.

நீங்கள் மயங்கிக் கிடந்தால் யார் சொல்வது? அதனால் ஒரு அட்டை எழுதுங்கள். பெயர், நோய், ‘பிரெட்னிசலோன் இத்தனை மி.கி., இந்த மாதத்திலிருந்து’, ‘திடீரென நிறுத்தக் கூடாது’, ‘வாந்தி, மயக்கம், சத்திரசிகிச்சை என்றால் ஹைட்ரோகோர்ட்டிசோன் தேவைப்படலாம்’, வீட்டு இலக்கம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். சிங்களம் எழுத வராவிட்டால் அலுவலகத்தில் ஒருவரைக் கேளுங்கள், சந்தோஷமாக எழுதித் தருவார்கள். அடையாள அட்டைக்குப் பின்னால் வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும், சத்திரசிகிச்சை என்றாலும் முதலில் இந்த அட்டையைக் காட்டுங்கள்.

கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு நினைவில் இருக்க வேண்டும். பரசிட்டமோல் மட்டும், வேறு வலிக்குளிசை எதுவும் வேண்டாம். எஃப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுக்க மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல் முதல் நாளே டொக்டரைப் பாருங்கள். ஸ்டீரொய்ட் காய்ச்சலை அமுக்கிக் காட்டும், வெள்ளை அணுக்களைக் கூட்டிக் காட்டும், ஆகவே அறிக்கையை வாசிப்பவருக்கு நீங்கள் அதை எடுப்பது தெரிந்திருக்க வேண்டும். மெதொட்ரெக்சேட் கிழமை குறுக்கே வந்தால் போடுவதா விடுவதா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காய்ச்சல் என்று பயந்து பிரெட்னிசலோனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

சின்ன வயதில் அம்மை வராதவர்கள், வீட்டிலோ வகுப்பிலோ ஒருவருக்கு அம்மை வந்தால் கொப்புளம் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். அன்றே கிளினிக்குக்கு அறிவியுங்கள். உயிர்க் கிருமி கொண்ட தடுப்பூசி எதையும் டொக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

9. விரதமும் பயணமும்

கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீரோடு இருந்து பழகியவர் என் அம்மா. குளிசை போட்ட வருடம் நான் விரதம் பிடிக்கவில்லை, முருகனுக்கு விளங்கும் என்று அம்மாவே சொன்னார். விட மனம் இல்லாதவர்கள் காலையில் பாலும் பழமும் எடுத்துக் குளிசை போட்டுவிட்டு, மற்ற நேரம் இருக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். நோன்பு பிடிக்கும் சகோதரர்களுக்குச் சஹர் சாப்பாட்டோடு போடுவது ஒரு வழி. ஆனால் ரமழானுக்குச் சில வாரம் முன்பே கிளினிக்கில் பேச வேண்டும், சீனி வருத்தமும் சேர்ந்திருந்தால் கட்டாயம். நோய் உள்ளவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது நீங்கள் அறிந்ததே.

இந்தியா போனால் கடிகாரம் மாறாது. லண்டன், கனடா என்றால் போய் இறங்கிய ஊரின் காலைக்கு மாறிவிடலாம், ஆனால் வழியில் இரண்டு குளிசை நேரங்களுக்கு இடையே 24 மணித்தியாலத்துக்கு மேல் அதிகம் நீளாதபடி முன்பே கணக்குப் போட்டு டொக்டரிடம் காட்டுங்கள். யாழ்ப்பாணம் போனாலும் சரி, குளிசை கைப்பையில். பெரிய பை பஸ்ஸின் அடியில் போகட்டும்.

10. குறைக்கும் காலம்

மூட்டுவாதத்தில் ஸ்டீரொய்ட் ஒரு பாலம். மெதொட்ரெக்சேட் போன்ற மருந்து வேலை செய்யத் தொடங்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கும், அதுவரை தாங்கிப் பிடிக்கத்தான் இது. கூடிய கெதியில், முடிந்தால் மூன்று மாதத்துக்குள் குறைத்து நிறுத்த டொக்டர்மார் முயல்வார்கள். எனக்கு எட்டு மாதம் ஆனது.

குறைக்கும் அட்டவணையைத் திகதியோடு எழுதி வாங்குங்கள். ‘இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2.5 குறைக்கவும்’ என்று மட்டும் இருந்தால் வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் ஒவ்வொரு மாற்றத் திகதியையும் வட்டமிடுங்கள். எனக்கு 15, 12.5, 10, 7.5 என்று வந்து, அதற்குக் கீழே மாதம் 1 மி.கி. ஆக மெதுவானது. இதைப் பார்த்து உங்கள் அளவை மாற்ற வேண்டாம், கீழே போகப் போக மெதுவாகத்தான் குறைப்பார்கள் என்பதைக் காட்டவே சொன்னேன். முகம் வட்டமாகிவிட்டது என்று கல்யாண வீட்டுக்கு முன்னால் ஒரேயடியாக நிறுத்துவது நம் பெண்பிள்ளைகள் பலர் செய்வது. முகம் குறையும், ஆனால் அளவு படிப்படியாகக் குறையும்போதுதான்.

ஒவ்வொரு குறைப்புக்குப் பிறகும் சில நாள் உடம்பு உலைவு, அசதி, மனச் சோர்வு வரலாம். நோய் திரும்பிவிட்டதா என்று பயம் வரும். நான் பார்க்கும் அடையாளம் இதுதான். மூட்டு வீங்கி, சூடாகி, காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் நோய்ப் பக்கம். வீக்கம் இல்லாமல் உடம்பு முழுக்க அடித்துப் போட்டதுபோல் இருந்தால் குறைப்பின் பக்கம். இரண்டில் எதுவானாலும் சொந்தமாகக் கூட்டாமல் கிளினிக்குக்குப் போய், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகளை எடுத்துப் பாருங்கள். தலை சுற்றலும் வாந்தியும் சேர்ந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவு.

5 மி.கி. அளவுக்கு வந்ததும் சிலருக்குக் காலைக் கோர்ட்டிசோல் பரிசோதனை சொல்வார்கள். அட்ரீனல் விழித்துவிட்டதா என்று பார்ப்பதற்கு. இரத்தம் காலை எட்டு முதல் ஒன்பதுக்குள் எடுக்க வேண்டும், கடைசிக் குளிசை போட்டு 24 மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிசையையே கோர்ட்டிசோலாக எண்ணிவிடும். தினமும் காலையில் போட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபம், முதல் நாள் ஏழரைக்குப் போட்டு, அடுத்த நாள் எட்டு மணிக்கு இரத்தம் கொடுத்துவிட்டு அங்கேயே அன்றையதைப் போடலாம். கருத்தடைக் குளிசை எடுப்பவர்கள் அதையும் சொல்லுங்கள், எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும். 300 நானோமோலுக்கு மேல் என்றால் சுரப்பி எழும்பிவிட்டது, 150க்குக் கீழ் என்றால் குளிசை தொடர வேண்டும், இடையில் என்றால் சில வாரம் கழித்து மறுபடி. எனக்கு முதல் தடவை 190, இரண்டு மாதம் கழித்து 340.

நிறுத்திய பிறகும் சுரப்பி முழுப் பலத்துக்கு வர ஒரு வருடம் வரை எடுக்கலாம். அதுவரை பெரிய காய்ச்சல், விபத்து, சத்திரசிகிச்சை எது வந்தாலும் ஸ்டீரொய்ட் எடுத்திருந்ததைச் சொல்ல வேண்டும். நான் நிறுத்தி ஏழு மாதம். அட்டை இன்னும் அடையாள அட்டைக்குப் பின்னால்தான் இருக்கிறது, நிறுத்திய திகதியை மட்டும் சிவப்பு மையில் சேர்த்திருக்கிறேன்.